மழை நாள் சார்டின் பிரட்டல்: அம்மாவின் சுவை எனக்கு ஏன் வரவில்லை?

மழைக்காரி (சுங்கை சிப்புட்):

வணக்கம். இரண்டு மாதமாக ஒரே கறியைத் திரும்பத் திரும்பச் சமைத்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நான் பிறந்து வளர்ந்தது சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் ஆறாவது வீடு எங்களுடையது. அப்பா, அம்மா இருவரும் பால்மரம் வெட்டினார்கள், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் எடுத்தார்கள். இன்று அங்கே லயமும் இல்லை, கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரமும் இல்லை. கண்ணுக்கு எட்டிய வரை எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். நாங்கள் பட்டணத்துக்கு வந்து ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) குடியிருக்கிறோம். எனக்கு 51 வயது.

விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் அன்றைக்குப் பெரட்டு கிடையாது, அதாவது ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்ப மாட்டார்கள். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டின கோட்டில் இறங்காது, மரமெல்லாம் வழிந்து வீணாகும். மரத்தில் கட்டிய மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) விழுந்ததிலும் மழைத் தண்ணீர் கலந்துவிடும். பெரியவர்களுக்கு அது சம்பளம் இல்லாத நாள். அம்மா வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பார், அந்த முகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் அந்த வயதில் எனக்கு அது அம்மா வீட்டில் இருக்கும் நாள். அவ்வளவுதான் தெரியும். மற்ற நாட்களில் நான் எழுந்திருக்கும்போது அம்மா ரப்பர் காட்டில் இருப்பார்.

அன்று காலை சார்டின் பிரட்டல் இருக்கும். கூடவே பெங்காலி ரொட்டி, பெரிய குவளையில் வரக்கோப்பி (பால் ஊற்றாத காப்பி). தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தில் வானொலி கேட்காது என்று அப்பா சத்தத்தைக் கூட்டி வைப்பார். மலேசிய வானொலியின் தமிழ்ப் பகுதியில் பழைய பாட்டு ஓடும். சுசீலா அம்மையாரின் குரல் வந்துவிட்டால் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். ஜானகி அம்மையாரையும் எனக்குப் பிடிக்கும், ஆனால் மழைக்குச் சுசீலாதான். இதில் என் கணவரோடு இருபது வருடமாக வாக்குவாதம். அவர் 1976க்குப் பிறகு பிறந்த பிள்ளை, இளையராஜா வந்த பிறகுதான் பாட்டே வந்தது என்பார்.

அம்மா 2019இல் காலமானார். பக்குவத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: எண்ணெயில் சோம்பு, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பிறகு மிளகாய்த்தூள், உருளைக்கிழங்கைச் சின்னதாக வெட்டிப் போட்டு வேகவைத்து, கடைசியில் டின்னைத் திறந்து கொட்டுவார். ஒரு டின்னை ஏழு பேர் சாப்பிட வேண்டும், அதனால்தான் அவ்வளவு கிழங்கு. எல்லாம் அப்படியே செய்கிறேன். ஆனால் என் பிரட்டலில் தக்காளிப் புளிப்பு தனியாக நிற்கிறது, மீன் தனியாக நிற்கிறது. அம்மாவுடையதில் எல்லாம் ஒன்றாகி, கறுத்து, கிழங்குக்குள் மீன் வாசம் ஏறியிருக்கும்.

இதை இப்போது தேடுவதற்குக் காரணம் என் மகள். பதினேழு வயது. மழை வந்தால் கொரிய நாடகத்தைப் போட்டுக்கொண்டு ராமியோன் மீயை (கொரிய உடனடி நூடுல்ஸை) கிண்டி, முட்டை உடைத்து ஊற்றி, சட்டியோடு மடியில் வைத்துச் சாப்பிடுகிறாள். உறவினர்கள் குறை சொல்கிறார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை. வெளியே மழை, கையில் சூடாக ஒன்று, காதில் பிடித்த குரல். நானும் அப்படித்தானே வளர்ந்தேன்? என்னுடையது எப்படி இருந்தது என்று அவளுக்கு ஒரு வாய் கொடுத்துக் காட்ட ஆசை.

உங்கள் வீட்டில் மழை நாளுக்கு என்ன சாப்பாடு, என்ன பாட்டு, என்ன படம்? அதையும் எழுதுங்கள்.

செம்பனைத் தம்பி (கிள்ளான்):

அக்கா, முதலில் டின்னைப் பாருங்கள். தக்காளிச் சாற்றில் அடைத்து வருவதில் சார்டினும் இருக்கிறது, மாக்கரலும் இருக்கிறது. கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருக்கும். மாக்கரல் சதை கெட்டி, சாறு இறங்காது. நானே பல தடவை மாற்றி வாங்கியிருக்கிறேன்.

என் ஆறுதல் சாப்பாடு ஒட்டுக்கடை மேகி கோரெங்தான், அதாவது சாலையோரக் கடையில் பிரட்டிக் கொடுக்கும் மேகி மீ. வேலை முடிந்து மோட்டாரில் நனைந்து வந்து உட்கார்ந்தால், கடைக்கார அண்ணன் கேட்காமலேயே மேலே ஒரு முட்டை பொரித்து வைத்து, ஆற்றிய பால் தேநீரான தே தாரிக்கையும் கொண்டுவந்துவிடுவார். பாட்டுக்கு ராகா வானொலி.

படம் என்றால் 'ஜகாட்'. 2015இல் வந்தது, அடுத்த வருடம் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. தோட்டத்தை விட்டு வந்த குடும்பத்தின் கதை. ஆறுதலான படம் என்று சொல்ல முடியாது, மனத்தைப் பிசையும். ஆனால் அதில் பேசுகிற தமிழ் என் சித்தப்பா பேசுகிற தமிழ். தமிழ்நாட்டிலிருந்து எத்தனை பெரிய படம் வந்தாலும் அந்த ஒன்று அதில் கிடைக்காது. அதனால்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் (தாப்பா):

சகோதரிக்கு வணக்கம். நம் தோட்டத்துக் கடைகளில் சேவல் படம் போட்ட டின் அடுக்கியிருக்குமே, அந்த நிறுவனத்தை 1892இல் சிங்கப்பூரில் தொடங்கியவர் ஒரு பிரெஞ்சுக்காரர். அந்த டின்னுக்குள் நம் பெண்கள் சோம்பையும் கறிவேப்பிலையையும் போட்டு வேறு ஒரு பண்டமாக்கிவிட்டார்கள். எனக்கு இதில் பெருமைதான்.

உங்கள் கறியைப் பற்றி: புளிப்பு தனியாக நின்றால் சாற்றை முதலில் எண்ணெயில் வதக்குங்கள், மீனைப் பிறகு போடுங்கள். என் மனைவி அப்படித்தான் செய்கிறார்.

எனக்கு மழை என்றால் மரவள்ளிக்கிழங்கு. அவித்து, தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு. ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாமல் மூன்றரை வருடம் அதைத் தின்று உயிர் பிழைத்தவர் என் அப்பா. 1945க்குப் பிறகு சாகும்வரை அவர் அதை வாயில் வைக்கவில்லை. அம்மா எங்களுக்கு அவித்தால் எழுந்து வெளியே போய்விடுவார். அவருக்குப் பசியின் வாடை அடித்த கிழங்கு எனக்கு எப்படி இவ்வளவு இதமாக இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்வேன். தின்னாமலும் இருக்க முடியவில்லை.

பாட்டில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். மழைக்கும் வெயிலுக்கும் டி.எம்.சௌந்தரராஜன்தான். சொல்லை அப்படித் திருத்தமாக உச்சரித்த ஒரு குரல் போதும், ஒரு வகுப்புக்கே தமிழ் கற்றுக்கொடுக்கலாம். வகுப்பில் அவர் பாட்டைப் போட்டு ழகரம் சொல்லிக்கொடுத்தவன் நான்.

காண்டா வாளி (கோல கெட்டில், கெடா):

மகளே, நான் இருபத்திரண்டு வருடம் மரம் வெட்டியவள். தம்பியும் ஆசிரியர் ஐயாவும் சொன்னது சரியாக இருக்கலாம், ஆனால் உன் கேள்விக்குப் பதில் வேறு என்று நினைக்கிறேன்.

மழை விடியற்காலையில் வரும் என்று உன் அம்மாவுக்கு எப்படித் தெரியும்? மழை நாளுக்கென்று யாரும் சமைக்கவில்லை. நாங்கள் நாலு மணிக்கு எழுந்திருப்போம். அந்நேரத்தில் கிழங்கு வெட்டி வேகவைக்க ஏது நேரம்? காட்டுக்குக் கொண்டுபோகிற கறியை முந்தின சாயங்காலமே வைத்துவிடுவோம். எங்கள் லயத்தில் அப்போது குளிர்பெட்டி இல்லை. கெட்டுப்போகாமல் இருக்க, படுக்கப் போகும் முன் ஒரு கொதி, நாலு மணிக்கு இன்னொரு கொதி. அதைத் தூக்குச்சட்டியில் போட்டு ரொட்டியோடு கட்டி வைத்திருப்போம், பத்து மணி வாக்கில் மரத்தடியில் உட்கார்ந்து பசியாற. மழை பிடித்துக்கொண்டால் கட்டின சட்டியை அவிழ்த்துப் பிள்ளைகளுக்கு வைத்துவிடுவோம்.

நீ சாப்பிட்டது மூன்று தடவை அடுப்பு கண்ட கறி. கறுப்பு அதனால்தான், கிழங்கில் மீன் வாசம் ஏறியதும் அதனால்தான். நீ சமைத்த உடனே சாப்பிட்டுப் பார்க்கிறாய்.

முதல் நாள் இரவே வை. கிழங்கு மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் தாராளமாக ஊற்று. மறுநாள் காலை சிறு தீயில், மூடாமல், எண்ணெய் பிரிந்து ஓரத்தில் வரும்வரை சுண்ட வை. கரண்டியால் கிளறாதே, சட்டியைப் பிடித்துக் குலுக்கு. கிளறினால் மீன் மாவாகிவிடும்.

பாட்டு கேட்க எங்களுக்கு ஏது நேரம். இப்போதுதான் கேட்கிறேன். மகன் கைப்பேசியில் மின்னல் எஃப்எம் வைத்துக் கொடுத்திருக்கிறான், படுக்கும்வரை ஓடுகிறது.

மழைக்காரி (சுங்கை சிப்புட்):

அம்மா, உங்கள் பதிலைப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அது எங்களுக்காகச் சமைத்தது என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அவர் காட்டில் சாப்பிட வேண்டிய பங்கு அது. மழை நாளில் அம்மா எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதாக எனக்கு நினைவே இல்லை. வரக்கோப்பி மட்டும் கையில் இருக்கும்.

தம்பி, டின்னைப் பார்த்தேன். சார்டின்தான். ஐயா, சாற்றை எண்ணெயில் வதக்கினேன், அதுவும் உதவியது.

வெள்ளிக்கிழமை இரவு வைத்தேன். குளிர்பெட்டியில் வைக்காமல் விட மனம் வரவில்லை, அதனால் இரவு ஒரு கொதியோடு உள்ளே வைத்துவிட்டுக் காலையில் சுண்ட வைத்தேன். மழை இல்லை, நல்ல வெயில். ஓரத்தில் எண்ணெய் பிரிந்தபோது வந்த வாசத்துக்கே தெரிந்துவிட்டது. மகள் அறையிலிருந்து எழுந்து வந்து, "என்னம்மா இது?" என்று கேட்டாள். ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தேன். இரண்டாவது துண்டைத் தானே பிய்த்துக்கொண்டாள். பிறகு சட்டியைத் தூக்கிக்கொண்டு தன் நாடகத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள்.

கிழங்கு மட்டும் கொஞ்சம் குழைந்துவிட்டது. கோல கெட்டில் அம்மா, கிழங்கை எவ்வளவு பெரிதாக வெட்டுவீர்கள்?