எச்.ஐ.வி. மறதிக்கு ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை குடுக்கலாமா?

கேள்வி – தென்காசி தம்பி
மாமாவுக்கு 52 வயசு, எச்.ஐ.வி. இருக்கு, நடுவுல ஒரு வருசம் ஏஆர்டி (எச்.ஐ.வி.ய அடக்கற கூட்டு மருந்து) மாத்திரைய நிறுத்திட்டாரு, திரும்ப ஆரம்பிச்சு ஆறு மாசம் ஆச்சு. ஆளே மந்தமாயிட்டாரு, கடையில சில்லறைக் கணக்கு வரல, நடையும் தடுமாறுது. தெரிஞ்ச ஒருத்தர் மூளைல ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ், அதாவது செல்லைச் சேதப்படுத்தற ஆக்சிஜன் கழிவு கூடிப்போச்சு, அதைக் குறைக்க ஆல்ஃபா லிப்போயிக் ஆசிட், வைட்டமின் ஈ, ஜிங்க் எல்லாம் கலந்த ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை குடுங்கன்னாரு, மாசம் 1800 ரூபா. அத்தை தோட்டை அடகு வைக்கலாம்ங்கறாங்க. குடுக்கலாமா?

பதில் – நரம்பியல் மாணவி
தோட்டைத் தொடாதீங்க தம்பி. அவர் சொன்னதுல பாதி உண்மை. வைரஸ் நரம்பு செல்லுக்குள்ள போறது ரொம்ப அபூர்வம், மூளைல இருக்கற காவல் செல்களான மைக்ரோக்ளியாவுக்குள்ளயும் மேக்ரோஃபேஜுக்குள்ளயும்தான் போய் உக்காருது, அதுங்க கக்குற டிஎன்எஃப் மாதிரி அழற்சிப் பொருளும் வைரஸோட ஜிபி120, டாட் புரதங்களும் சேந்து பக்கத்து நரம்பு செல்லுல ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்ஸ ஏத்தி விடுது. அப்போ ஆன்டிஆக்சிடன்ட் குடுத்தா சரியாகணும்னுதான் அமெரிக்காவுலயும் நினைச்சாங்க. 1998ல ஒரு சின்ன ஆய்வுல ஆல்ஃபா லிப்போயிக் ஆசிட்டையே இந்த நோயாளிங்களுக்குக் குடுத்துப் பாத்தாங்க, பலன் இல்ல. செலிஜிலின்னு இன்னொரு மருந்து, அதே ஆய்வுல ஞாபகசக்திக்குக் கொஞ்சம் நல்லா தெரிஞ்சது, ஆனா 2007ல வெளியான 128 பேர் ஆய்வுல அதோட பேட்ச்ச 24 வாரம் ஒட்டியும் முன்னேற்றம் வரல. மூளையக் காப்பாத்துறது ஏஆர்டிதான், 1996க்கு அப்புறம் கூட்டு மருந்து வந்துதான் எச்.ஐ.வி.யால வர்ற இந்த டிமென்ஷியா (மறதி நோய்) வெகுவா குறைஞ்சுது.

பதில் – கோவை அக்கா
எங்க வீட்டுலயும் இதே கதை தம்பி, கடைசில பாத்தா பி12 ரொம்பக் கம்மி. வைரல் லோடு (ரத்தத்துல வைரஸ் அளவு), சிடி4 (எதிர்ப்பு செல் எண்ணிக்கை) டெஸ்ட் எடுத்தாச்சா? பி12, தைராய்டு, சிஃபிலிஸ் டெஸ்ட்டும் கேளுங்க, தலைக்கு ஸ்கேன் வேணுமான்னு டாக்டர் சொல்லட்டும், மூளைல டிபி மாதிரி ஏதாவதுன்னா அதுக்குத் தனி மருந்து இருக்கு. நடை தடுமாறுதுன்னா தள்ளிப் போடாதீங்க. அப்புறம் அவர் சாப்பிடற ஏஆர்டில டாலுடெகிராவிர்ங்கற மருந்து இருக்கா? ஆமான்னா ஜிங்க், கால்சியம், இரும்பு மாத்திரைய அதோட வெறும் வயித்துல சேத்துப் போடக் கூடாது, மருந்து உடம்புல சரியா ஏறாது. டாலுடெகிராவிர் போட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் அதெல்லாம்.

தென்காசி தம்பி
ரொம்ப நன்றிக்கா. டாலுடெகிராவிர் உள்ள மாத்திரைதான். இப்ப டப்பாவ எண்ணிப் பாத்தேன், இந்த மாசம் 11 மாத்திரை கூடுதலா மிச்சம் இருக்கு. போட்டேன்னுதான் தினமும் சொல்வாரு, மறந்திருக்காரு போல, எங்களுக்கே தெரியல.

கோவை அக்கா
அதை டாக்டர்கிட்ட முதல்ல சொல்லுங்க, திட்டுவாங்கன்னு மறைக்காதீங்க. இன்னைல இருந்து ராத்திரி சாப்பாடு ஆனதும் அத்தை கையாலயே குடுக்கட்டும்.

தென்காசி தம்பி
சரிக்கா. நாளைக்குக் காலைல டப்பாவையும் எடுத்துட்டு ஏஆர்டி சென்டருக்குக் கூட்டிட்டுப் போறேன்.