400 மீற்றர் ஓடுற பிள்ளைக்கு இடையில எத்தனை நிமிசம் ஓய்வு குடுக்கோணும்?

வணக்கம் உறவுகளே. வெள்ளவத்தையில இருந்து எழுதுறன். மகளுக்கு 15 வயசு, 400 மீற்றர் ஓடுறா. நேற்றுப் பின்னேரம் பயிற்சியில மூண்டாவது ஓட்டம் முடிய முழங்காலில கையை ஊண்டிக்கொண்டு நிண்டவ. தொடை ரெண்டும் நடுங்கிச்சு, சத்தியும் எடுத்தா. ரெண்டு நிமிசத்தில திரும்ப ஓடச் சொல்லிட்டினம். பாத்துக்கொண்டு நிக்க எனக்கு மனசு கேக்கேல்ல.

இரவு முழுக்க இருந்து வாசிச்சன். முதல் 10 செக்கன் அளவுக்குத் தசையில ஏற்கனவே இருக்கிற ஏடீபியும் (தசைக்குச் சக்தி குடுக்கிற மூலக்கூறு) கிரியேட்டின் பொஸ்பேட்டும்தான் (ஏடீபியைக் கெதியாத் திரும்ப உண்டாக்க உதவுற சேர்வை) கைகுடுக்குதாம். பிறகு ஒட்சிசன் போதாமல் குளுக்கோஸ் உடையுது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்கு 2 ஏடீபிதான் மிச்சம், அப்பிடி உடையேக்க உண்டாகிற லக்டேட் எண்ட பொருளும் சேருது. ஆனா லக்டேட் வெறும் கழிவில்லை. ஈரல் அதைத் திரும்பக் குளுக்கோஸாக்குது. அந்தச் சுற்றுக்கு, 1947இல நோபல் பரிசு வாங்கின கோரி தம்பதியின்ர பேர்தான். அடுத்தநாள் வாற தசைநோவுக்கும் லக்டேட் காரணமில்லையாம். இவ்வளவு நாளும் நான் பிழையா நினைச்சிருக்கிறன்.

கிரியேட்டின் பொஸ்பேட் ஏறக்குறைய முழுசா நிரம்ப 3 தொடக்கம் 5 நிமிசம் வேணும், அதுக்கு ஒட்சிசனும் வேணும். அப்ப ரெண்டு நிமிசம் எப்பிடிக் காணும்?

ஓட்டப் பயிற்சி குடுக்கிறவை, பிசியோ படிச்சவை ஆராவது இருந்தா சொல்லுங்கோ. இந்த வயசுக்கு எவ்வளவு இடைவெளி விடோணும்? இடையில இருக்க விடுறதோ, மெதுவா நடக்க விடுறதோ நல்லது? சத்தி எடுத்த பிறகு அண்டைக்கு நிப்பாட்டவேணுமோ? கொழும்பில தமிழில கதைக்கக்கூடிய விளையாட்டு மருத்துவர் ஆரையும் தெரிஞ்சா உள்பெட்டியில போடுங்கோ. நாளையிண்டைக்குத் திரும்பப் பயிற்சி இருக்கு.