கிழக்கு வீதி குரூப், கொழிஞ்சாம்பாறை: மட்டாஞ்சேரியில் பழைய சாமான் வாங்குவது

நித்யா: அடுத்த வாரம் கொச்சி மட்டாஞ்சேரி ஜூ டவுன் போலாம்னு இருக்கோம்ங்க. அம்மாவுக்கு ஒரு வெண்கல உருளி, ஹாலுக்கு ஒரு பழைய மரப்பெட்டி. எந்தக் கிழமை போறது? எதெதைப் பாத்து வாங்கோணும்?

கீதா அக்கா: திங்கள்ல இருந்து வியாழனுக்குள்ள போ கண்ணு. வெள்ளிக்கிழமை டச்சு பேலஸ் லீவு, சனிக்கிழமை சினகாக் (யூதர் ஜெபக்கூடம்) லீவு. எர்ணாகுளம் இறங்கி ஹைகோர்ட் பக்கம் வாட்டர் மெட்ரோ படகு ஏறினா ஃபோர்ட் கொச்சி. அங்கிருந்து பஜார் ரோடு வழியா மசாலா குடோன்களைப் பாத்துட்டே நடந்துரலாம்.

கீதா அக்கா: கடைக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி சினகாக்ல தரையைப் பாரு. 1568ல கட்டுனது. தரையில பதிச்ச நீலச் சீன ஓடெல்லாம் கையால வரைஞ்சது, ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. அதை நின்னு பாத்தாலே கைவேலை எது, அச்சுவேலை எதுன்னு கண்ணு பழகிரும்.

பாத்திரக்கடை சேகர்: உருளிக்கு நான் சொல்றேன் நித்யா. கையில ஒரு சின்னக் காந்தம் எடுத்துட்டுப் போ. ஒட்டுச்சுன்னா உள்ள இரும்பு, மேல பூச்சு, அப்படியே வெச்சுட்டு வந்துரு. ஒட்டலைங்கறதுக்காக வெண்கலம்னு நம்பிராத, பித்தளையும்தான் ஒட்டாது.

பாத்திரக்கடை சேகர்: அடுத்தது சத்தம். மடிச்ச துண்டு மேல உருளியை வெச்சு வாய் ஓரத்துல விரல் முட்டியால தட்டு. நல்ல வெண்கலம் ரொம்ப நேரம் இழுத்துப் பாடும். பித்தளை சீக்கிரம் அடங்கிரும். சத்தம் கரகரன்னு உடைஞ்சு வந்தா எங்கியோ விரிசல். வெண்கலத்துல ஏறக்குறைய நாலு பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளீயம். அவ்வளவு வெள்ளீயம் சேர்றதால கெட்டி, ஆனா நொறுங்கற குணம். கீழ விழுந்தாலோ, வெறும் உருளியைக் காயவெச்சுப் பச்சைத் தண்ணி ஊத்தினாலோ வெடிச்சுரும். வெடிச்சதைப் பத்தவெச்சாலும் அடுப்புக்கு நிக்காது.

நித்யா: பச்சை புடிச்சுக் கிடந்தா பழசுதானுங்களாண்ணா?

பாத்திரக்கடை சேகர்: அதுலதான் ஏமாறுவாங்க. புதுசு மேல ஆசிட் தடவி மண்ணுல புதைச்சாலே பச்சை வந்துரும். அந்தப் பச்சை எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்கும், ஈரத்துணியில தேய்ச்சா துணியோட வந்துரும். நிஜமாப் பழகின உருளியில களிம்பு இடுக்குல மட்டும் தங்கும். காது புடிக்கற இடம், அடியில தரை படற இடம் வழவழன்னு தேய்ஞ்சிருக்கும். கை படாத இடத்துல தேய்மானம் இருந்தா யாரோ உப்புத்தாள் போட்டிருக்காங்கன்னு அர்த்தம்.

பாத்திரக்கடை சேகர்: கிளம்பறதுக்கு முன்னாடி பழைய வெண்கலம் அன்னைக்குக் கிலோ என்னன்னு எங்கிட்டக் கேட்டுக்க. கடையில எடை போடச் சொல்லு. அந்தத் தொகைக்கு மேல கேக்கறது அத்தனையும் வேலைப்பாட்டுக்கும் கதைக்கும். பேரம் மேல கேக்கற அந்தத் தொகையில மட்டும் நடக்கட்டும்.

மல்லிகா சித்தி: சேகரு, அதுல சமைக்கலாமா?

பாத்திரக்கடை சேகர்: வெண்கலத்துல பாயசம், அல்வா தாராளமாக் கிண்டலாம் சித்தி. புளிக்குழம்பு வேண்டாம். பித்தளையா இருந்தா உள்ள ஈயம் பூசாமச் சமைக்கவே கூடாது. பூசறவர்கிட்ட வெள்ளீயம்தானான்னு கேட்டுக்கோங்க, காரீயம் கலந்தா விஷம்.

ஆசாரி மாமா: பெட்டிக்கு வர்றேன். முதல்ல மேல பாக்காத, கவுத்துப் பாரு. அடிப்பலகை பிளைவுட்டுன்னா பேச்சே வேண்டாம். ரம்பத்தோட்டம் வளைஞ்ச கோடா இருந்தா மில்லு ரம்பம், நேர்கோடா ஏறி இறங்கி இருந்தா கைரம்பம். கூட்டல் குறி திருப்பாணி 1930களுக்கு முன்னாடி கிடையாது. அது இருந்தா ஒண்ணு ரிப்பேரு, இல்ல பெட்டியே புதுசு.

ஆசாரி மாமா: நெட்டூர் பெட்டி, அதான் கேரளத்துப் பழைய நகைப்பெட்டின்னு, கூரை மாதிரி மூடியும் பித்தளைப் பட்டையும் போட்டு நிறையக் காட்டுவான். பட்டை ஓரத்துல ஆணி பக்கத்துலயே அடைச்ச பழைய ஓட்டை தெரியுதான்னு பாரு. தெரிஞ்சா பட்டையை வேற எதுலயோ இருந்து கழட்டி மாத்தி அடிச்சிருக்கான். கீலுக்கும் அதே பார்வைதான்.

ஆசாரி மாமா: வட்ட மேசை வாங்கினா டேப்பு எடுத்துக்க. ரேகை போற வாக்குல ஒரு அளவு, குறுக்க ஒரு அளவு. மரம் குறுக்கதான் சுருங்கும். ரொம்பப் பழைய மேசை சில மில்லிமீட்டராவது நீள்வட்டமா ஆயிருக்கும். ரெண்டும் துல்லியமா ஒண்ணா வந்தா எனக்குச் சந்தேகம்தான்.

நித்யா: மாமா, உளுத்த ஓட்டை இருந்தா?

ஆசாரி மாமா: பழைய ஓட்டை இருந்தா இருக்கட்டும், பயமில்ல. உள்ள விளிம்பு கறுத்து, தூசி அடைஞ்சிருக்கும். விளிம்பு கூர்மையா, உள்ள மரம் வெளுப்பா இருந்தா இப்பப் போட்ட ஓட்டை. வீட்டுக்கு வந்ததும் மத்த மரச்சாமானோட சேக்காம, கீழ கறுப்புத்தாள் விரிச்சுத் தனியா ஒரு மாசம் வை. மாவு மாதிரி கொட்டினா பூச்சி உசுரோட இருக்கு. வெயில்ல மட்டும் போட்டுராத சாமி, பலகை பிளந்துரும்.

முத்து அண்ணன்: நித்யா, அங்க ரவிவர்மா படம்னு காட்டினா பத்து மடங்கு பெருசாக் காட்டற லென்ஸ் வெச்சுப் பாரு. அந்தக் காலத்துக் கல்லச்சுல (கல்லுல வரைஞ்சு அடிக்கற அச்சு) முகத்துத் தோலைப் பாத்தா ஒழுங்கில்லாத சின்னச் சின்னப் புள்ளி, ரோஸ், பழுப்பு, மஞ்சள்னு தனித்தனி மையா ஒண்ணுமேல ஒண்ணு ஏறியிருக்கும். இப்ப அடிச்ச ஆஃப்செட்டுல வரிசை தப்பாத புள்ளி, சின்னச் சின்ன ரோஜாப்பூ மாதிரி வட்டம் கட்டியிருக்கும். அவரோட அச்சகம் 1894ல மும்பையில ஆரம்பிச்சது, அப்புறம் லோனாவாலா பக்கம் மளவ்லிக்குப் போச்சு. ஓரத்துல அச்சகத்துப் பேரு இருக்கறதை மட்டும் நம்பாத, அதையும் சேத்துத்தான் புதுசா அடிக்கறாங்க.

மல்லிகா சித்தி: ஒரு சின்ன சாமி சிலையும் பாத்துட்டு வா நித்யா, துபாய்ல இருக்கற எம்மவளுக்கு அனுப்போணும்.

முத்து அண்ணன்: சித்தி, அதுல அவசரப்படாதீங்க. 1972ல வந்த தொல்பொருள் சட்டப்படி நூறு வருசம் தாண்டின சிலையைத் தொல்லியல் துறையில பதியோணும், தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. கடைக்காரர் “நூத்தம்பது வருசம்”னு சொன்னார்னா பதிவுச் சான்று எங்கன்னு கேட்டாப் போதும். புதுசுன்னா பில்லுல புதுசுன்னே எழுதி வாங்குங்க. பழசு மாதிரி தெரியறதை அனுப்பறதுன்னா தொல்பொருள் இல்லைன்னு அதே துறையில சான்று வாங்கோணும். தந்தத்துல எது காட்டினாலும் கையிலயே எடுக்காதீங்க, வாங்கறதும் குத்தம்.

கீதா அக்கா: அனுமார் போட்ட 1818 கிழக்கிந்தியக் கம்பெனிக் காசும் அங்க வந்து நிக்கும். கம்பெனி அப்படி அடிக்கவே இல்ல. காந்தம் மாதிரி அரிசியை இழுக்கற அதிசயக் காசுன்னு சொல்லி லட்சக்கணக்குல பறிக்கறதும் அந்தக் காசை வெச்சுத்தான். பாவம், எத்தனை குடும்பம்! நாணயம் வேணும்னா திருவாங்கூர் சக்கரம் பாரு. திருவாங்கூர் ராஜா பாலராம வர்மா தலை போட்ட செம்புச் சக்கரம் சாதாரணமாக் கிடைக்கும், அபூர்வம்னு சொன்னா நகந்துரு.

நித்யா: பெண்டுலக் கடிகாரம் கண்ணுல பட்டா?

ஆசாரி மாமா: சுவத்துல நேரா மாட்டி ஓடவிடச் சொல்லு. டிக்குக்கும் டாக்குக்கும் நடுவுல இடைவெளி ஒண்ணா இருக்கோணும். நொண்டினா உள்ள பெண்டுலத்தைத் தள்ளற கவை வளைஞ்சிருக்கு, அது சரி பண்ணிரலாம். டயல்ல ஒரு கம்பெனி பேரு, பின்னாடி மிஷின்ல வேற பேருன்னா ரெண்டு கடிகாரத்தைக் கலந்தது. வாங்கிட்டா பெண்டுலத்தைக் கழட்டித் தனியாச் சுத்தி எடுத்துட்டு வா. மாட்டினபடியே ரயில்ல கொண்டு வந்தா அது தொங்கற மெல்லிசுத் தகடு ஒடிஞ்சுரும்.

நித்யா: சரிங்க மாமா. காந்தம், லென்ஸ், டேப்பு, துண்டு எடுத்துக்கறேன். சேகரண்ணா, கிளம்பற அன்னைக்குக் காலையில ரேட்டுக்குக் கூப்பிடறேன்.

பாத்திரக்கடை சேகர்: எட்டு மணிக்கு மேல கூப்பிடு. எடை போடறப்போ உருளிக்குள்ள மெழுகோ மண்ணோ அப்பியிருக்கான்னு தடவிப் பாத்துக்க.