ஏற்காடு ஒருநாள் பயணம்: குரல் போட்டுப் பறவையை வரவழைக்கலாமா?

கன்னங்குறிச்சியான்:
ஏற்காட்டுக்குப் பறவை பார்க்கும் வேன் பயணம் ஒன்றில் போய்வந்தேன். ஒரு காப்பித் தோட்டத்து ஓரத்தில் வழிகாட்டி ஸ்பீக்கரில் ஆறுமணிக்குருவியின் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டார். குருவி புதரிலிருந்து சருகுமேல் தத்தி வந்தது. குட்டை வாலை ஆட்டி, தலையை அண்ணாந்து பதில் குரல் கொடுத்தது. எல்லோரும் படம் எடுத்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. இந்தப் பழக்கமே வேண்டாம் என்கிறேன்.

காப்பிக்கொல்லை:
அண்ணா, நானும் மலைமேல் வழிகாட்டிதான். வேன் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வருவதற்குள் பத்து மணி. பறவைகள் அடங்கிவிடும். மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் நிழலில் குரல் போடாமல் எதைக் காட்டுவது? காசு கொடுத்து வந்தவர்கள் ஒன்றும் பார்க்காமல் இறங்கினால் அடுத்த முறை படகுத்துறையோடு நின்றுவிடுவார்கள். பறவையைக் கண்ணால் பார்த்தவர்தான் நாளைக்குத் தோட்டத்தை பிளாட் போடும்போது ஏன் என்று கேட்பார்.

கன்னங்குறிச்சியான்:
தம்பி, அந்தக் குருவி வடக்கே குஞ்சு பொரித்துவிட்டு, பனிக்காலத்தைக் கழிக்க இவ்வளவு தூரம் வருகிறது. இங்கேயும் தனக்கென்று ஓர் இடம் பிடித்துக்கொள்ளும். ஸ்பீக்கர் குரல் கேட்டதும் பங்காளி புகுந்துவிட்டான் என்று இரை பொறுக்குவதை விட்டு ஓடி வருகிறது. திரும்பிப் பறக்க உடம்பில் கொழுப்பு சேர வேண்டிய காலம் அது. வழிகாட்டிகளுக்கு இடம் தெரியும் என்பதால் வேன்கள் எல்லாம் அதே புதரில்தான் நிற்கின்றன.

சூரமங்கலம் வாசகி:
கொச்சியில் சொகுசுக் கப்பல் நிற்கும் நாளில் தட்டேக்காடு பறவைகள் சரணாலயத்துக்குப் போகிறவர்கள் கப்பல் கிளம்புமுன் திரும்பியாக வேண்டும். மறுபடி எப்போது வருவார்களோ. அவர்கள் அவசரப்பட்டால் புரிந்துகொள்ளலாம். சேலத்திலிருக்கும் நமக்கு ஏற்காடு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். வேனை விடியலில் எடுங்கள் சார். காலை ஆறு மணி வாக்கில் அந்தக் குருவி தானாகவே கூப்பிடும்.

காப்பிக்கொல்லை:
அக்கா, குழந்தை குட்டியோடு வருகிறவர்கள் அந்த நேரத்துக்குக் கிளம்புவதில்லை. அரை நிமிஷம், ஒரே தடவை, கூடு கட்டும் மாதங்களில் கிடையாது. இதற்கு நான் தயார்.

கன்னங்குறிச்சியான்:
நாலு வேன் வந்தால் அது நாலு தடவை. அதை யார் எண்ணுவது? வேலியிலேயே செம்மீசைச் சின்னான் உட்கார்ந்திருக்கிறது, ஓடைப் பக்கம் சீகாரப் பூங்குருவி விசிலடிக்கிறது. நின்று காட்டப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். சாயங்காலம் இறங்கும்போது மூக்கனேரியில் நிறுத்துங்கள். ஏரி நடுவே மண்திட்டு போட்டு மரம் வளர்த்திருக்கிறார்கள். கொக்கும் நீர்க்காகமும் அடைய வருவதைக் குழந்தைகள் கரையில் நின்றே பார்க்கலாம்.

காப்பிக்கொல்லை:
மூக்கனேரி நல்ல யோசனை, வேன்காரர்களிடம் பேசுகிறேன். குரல் விஷயத்தில் அரை நிமிஷம் தப்பில்லை என்றுதான் இன்னும் சொல்வேன்.