பெங்களூரில் முதல் ஃபிளாட்: காத்தா, ஓசி, யுடிஎஸ், ப்ரீ-இஎம்ஐ, எம்ஓடி எல்லாம் என்ன?

கேட்டவர்: ஓசூர்ரோடு_தம்பி

எல்லாருக்கும் வணக்கம். எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஒரு 2 பிஎச்கே பார்த்திருக்கோம். 1,250 சதுர அடி, 80 லட்சம். கட்டிடம் கிட்டத்தட்ட முடிஞ்சிடுச்சு, "ஓசி அடுத்த மாசம் வந்துடும்"னு பில்டர் ஆபீஸ்ல சொல்றாங்க. நாங்க சேலம் பக்கம் பட்டா, சிட்டா, வில்லங்கம்னு பார்த்துப் பழகின குடும்பம். இங்க பேசுற வார்த்தை பாதி பிடிபடல.

காத்தாங்கிறது நம்ம பட்டாதானா? ஏ, பி-ன்னு பிரிக்கிறது எதுக்கு? 1,250-ன்னு சொல்லிட்டு பிளான்ல கார்ப்பெட் 875-ன்னு போட்டிருக்காங்க, மீதி எங்க போச்சு? பேங்க்ல 80 சதவீதம் வரை தர்றோம்னு சொன்னாங்க, அப்போ கையில 16 லட்சம் இருந்தா போதுமா? ப்ரீ-இஎம்ஐ, எம்ஓடி, ரீசெட் இதெல்லாம் யாராவது புரியற மாதிரி சொல்லுங்க.

இன்னொண்ணு. இப்போ 15 லட்சம் கட்டினா 200 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பர்ல அக்ரிமென்ட் போட்டுக்கலாம், பதிவு அப்புறம் பார்த்துக்கலாம்கிறாங்க. சரிதானே?

---

பத்திரப்பார்வை

கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன், அவசரம் அதில்தான். சரியில்லை. ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 13-வது பிரிவுப்படி, விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்குவதற்கு முன் கிரய ஒப்பந்தம் எழுதிப் பதிவும் செய்திருக்க வேண்டும். உங்கள் விலைக்கு எல்லை 8 லட்சம். 15 லட்சத்தை வெறும் ஸ்டாம்ப் பேப்பரை நம்பிக் கொடுத்தால், பின்னால் தகராறு வரும்போது கையில் இருப்பது பலவீனமான காகிதம். அதே ஃபிளாட்டுக்கு இன்னொருவரிடம் அட்வான்ஸ் வாங்கியிருந்தாலும் வில்லங்கச் சான்றில் தெரியாது. பதிவாகாத எதுவும் அதில் ஏறாது.

காத்தா பட்டா இல்லை. மாநகராட்சி சொத்து வரி வசூலிப்பதற்காக வைத்திருக்கும் கணக்கு அது. இந்தச் சொத்துக்கு யார் வரி கட்ட வேண்டும், அளவு என்ன, இவ்வளவுதான் அதில் இருக்கும். உரிமையைக் காட்டுவது கிரயப் பத்திரமும் அதற்கு முந்தைய தாய்ப் பத்திரங்களின் சங்கிலியும்தான். அனுமதி, நில மாற்றம் எல்லாம் ஒழுங்காக இருப்பவை ஏ பதிவேட்டில் இருக்கும். விவசாய நிலத்தை வீட்டு மனையாக மாற்றும் டிசி கன்வர்ஷன் இல்லாதவை, பிளானை மீறிக் கட்டியவை போன்றவற்றிடமும் வரி வாங்கியாக வேண்டுமே, அதற்குத் திறந்த தனிப் பதிவேடுதான் பி. வரி ரசீது இருப்பதால் கட்டிடம் சட்டப்படியானது என்று ஆகிவிடாது. பி காத்தா சொத்துக்குக் கடன் தரப் பெரும்பாலான வங்கிகள் தயங்கும், தந்தாலும் வட்டி கூடும். "சீக்கிரம் ஏ ஆயிடும்" என்று யார் சொன்னாலும், ஆன பிறகு ஏ விலை கொடுங்கள்.

இப்போது பதிவுக்கு இ-காத்தா, அதாவது மின்னணு வடிவக் காத்தா இல்லாமல் சார்பதிவாளர் அலுவலகத்தில் வேலை நடக்காது. புதுக் கட்டிடத்தில் முதலில் மொத்த நிலத்துக்கும் ஒரே காத்தாதான் இருக்கும். அதைப் பிரித்து ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் தனி எண் வாங்கியாயிற்றா என்று பில்டரிடம் கேளுங்கள். பலருக்குப் பதிவு தள்ளிப்போவது இந்த இடத்தில்தான்.

வில்லங்கச் சான்று இங்கே ஈசி. பரிவர்த்தனை இருந்தால் படிவம் 15, ஒன்றும் இல்லாவிட்டால் படிவம் 16. 2004 ஏப்ரலுக்குப் பிந்தையது பதிவுத் துறையின் காவேரி இணையதளத்தில் கிடைக்கும், அதற்கு முந்தைய காலத்துக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடச் சொல்ல வேண்டும். 30 வருடத்துக்கு எடுங்கள். ஃபிளாட் எண்ணுக்கு மட்டும் எடுத்தால் காலியாகத்தான் வரும். நிலத்தின் சர்வே எண்ணுக்கு எடுத்தால்தான் பழைய பாகப்பிரிவினை, அடமானம், ஜிபிஏ எனும் பொது அதிகாரப் பத்திரம் எல்லாம் வெளியே வரும்.

ஓசி, அதாவது கட்டி முடித்த கட்டிடத்தில் குடியேறலாம் என்ற சான்று இல்லாமல் குடிபோவது பற்றி: 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில், ஓசி அல்லது கட்டிட நிறைவுச் சான்றைப் பார்த்த பிறகே மின்சாரம், தண்ணீர் இணைப்பு தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. கட்டிடத்தை அடமானமாக வைத்துத் தரும் கடனுக்கும் அதே கட்டளை. எனவே இது பில்டர் பிறகு வாங்கித் தரும் அலங்காரக் காகிதம் அல்ல. கையில் வந்ததும் எந்த மாடி வரை, எத்தனை வீட்டுக்கு என்று படியுங்கள். நான்கு மாடிக்கு ஓசி வாங்கி ஐந்தாவது மாடியை விற்பது இந்த ஊரில் புதிதல்ல. சிசி என்று நீட்டினால் இன்னும் கவனம், கட்டத் தொடங்க அனுமதிக்கும் காகிதத்துக்கும் கட்டி முடித்ததற்கான காகிதத்துக்கும் இரண்டெழுத்து ஒன்றே.

---

அளவுநாடா

875 எங்கேயும் போகலைங்க, அதுதான் உங்க வீடு. வீட்டுக்குள்ள நடமாடுற தரையும் உள் சுவரும் சேர்ந்தது கார்ப்பெட். வெளிச்சுவர், பால்கனி, பைப் போற குழாய்க்கூண்டு இதெல்லாம் ரெரா கணக்குப்படி கார்ப்பெட்ல வராது. வெளிச்சுவரையும் பால்கனியையும் சேர்த்தா பில்ட்-அப். அதோட படிக்கட்டு, லிஃப்ட், லாபி, கிளப் ஹவுஸ்ல உங்க பங்கையும் ஏத்தினா சூப்பர் பில்ட்-அப். அந்த ஏத்துற பகுதிக்கு லோடிங்னு பேரு, அதுக்குச் சட்டத்துல வரையறை கிடையாது. அதனால ரெண்டு புராஜெக்டை ஒப்பிடும்போது சூப்பர் பில்ட்-அப் விலையைத் தூக்கிப் போடுங்க. 80 லட்சத்தை 1,250-ஆல வகுத்தா சதுர அடி 6,400. கார்ப்பெட் 875-ஆல வகுத்தா 9,143. பக்கத்துல 6,700-ன்னு சொல்றவர் அதே 1,250-ல கார்ப்பெட் 950 தர்றார்னா அவர்தான் மலிவு.

அதைவிட முக்கியம் யுடிஎஸ், அதாவது நிலத்துல உங்க பிரிபடாத பாகம். நிலம் ஒரு ஏக்கர், 43,560 சதுர அடின்னு வைங்க. மேல கட்டினது மொத்தம் 1,74,240 சதுர அடி சூப்பர் பில்ட்-அப்னா, உங்க 1,250-க்கு 312.5 சதுர அடி நிலம் வரணும். கிரயப் பத்திரத்துல அந்த எண் சதுர அடியில எழுதியிருக்கணும், "விகிதாசாரப் பங்கு"ன்னு மொட்டையா விடக்கூடாது. இருபது முப்பது வருஷம் கழிச்சு கட்டிடத்துக்கு மதிப்பு தேய்ஞ்சிடும், நிலத்துக்குத்தான் விலை. எல்லா ஃபிளாட்டோட யுடிஎஸ்ஸையும் கூட்டினா மொத்த நிலத்துக்குச் சரியா வருதான்னும் பாருங்க. வரலைன்னா பில்டர் கொஞ்சத்தைத் தன் பேர்லயே வெச்சிருக்கார், பின்னாடி இன்னொரு டவர் எழும்பலாம்.

கர்நாடக ரெரா தளத்துல பிஆர்எம்/கேஏ/ரெரா-ன்னு ஆரம்பிக்கிற பதிவு எண்ணைப் போட்டா அனுமதி பிளான், கார்ப்பெட் அளவு, முடிக்க வேண்டிய தேதி எல்லாம் வரும். பில்டர் கையில குடுக்கிற வண்ண பிரோஷரையும் அதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. பால்கனி ரெண்டுலயும் ஒரே இடத்துல இருந்தா சந்தோஷம்.

---

வட்டிக்கணக்கு

16 லட்சம் போதாது. ஏறக்குறைய அதைப்போல் இரண்டு பங்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எல்டிவி என்பது சொத்து மதிப்பில் வங்கி தரக்கூடிய உச்ச விகிதம். ரிசர்வ் வங்கி விதிப்படி கடன் 30 லட்சம் வரை 90 சதவீதம், 30-லிருந்து 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. ஆனால் "மதிப்பு" என்று வங்கி எடுப்பது பில்டர் சொல்லும் விலையை அல்ல. ஒப்பந்த விலை, வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் போடும் விலை, இரண்டில் எது குறைவோ அது. அவர் 75 லட்சம் என்று எழுதினால் கடன் 60 லட்சம்தான், உங்கள் பங்கு 20 ஆகிவிடும். பதிவுச் செலவையும் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

அந்தப் பதிவுச் செலவு: 45 லட்சத்துக்கு மேல் முத்திரைத்தாள் கட்டணம் 5 சதவீதம், 4,00,000. அதன் மேல் 10 சதவீத செஸ் 40,000, 2 சதவீத சர்சார்ஜ் 8,000. பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்ட் 31 முதல் 2 சதவீதம், 1,60,000. மொத்தம் 6,08,000. இணையத்தில் பழைய கட்டுரைகள் இன்னும் 1 சதவீதம் என்றே சொல்கின்றன, அதை வைத்துப் பட்ஜெட் போடாதீர்கள். அரசு வழிகாட்டி மதிப்பு 80 லட்சத்தைத் தாண்டினால் அந்த மதிப்புக்குத்தான் கட்ட வேண்டும்.

ஆக மதிப்பீடு 75 என்றே வந்தால் 20 + 6.08 லட்சம், இது குறைந்தபட்சம். ஓசிக்கு முன்பே பணம் கட்டினால் 5 சதவீத ஜிஎஸ்டி, அதாவது இன்னொரு 4 லட்சம். ஓசி வந்த பிறகு முழுப் பணத்தையும் கட்டுவதாக இருந்தால் ஜிஎஸ்டி இல்லை. "அடுத்த மாசம் ஓசி" என்பது உண்மையானால் அதுவரை பில்டரையும் காத்திருக்கச் சொல்லுங்கள். பதிலிலேயே உண்மை தெரிந்துவிடும்.

50 லட்சமும் அதற்கு மேலும் உள்ள சொத்துக்கு 1 சதவீத டிடிஎஸ், அதாவது விற்பவர் சார்பில் பிடித்துக் கட்டும் வருமான வரியை, நீங்கள் பிடிக்க வேண்டும். இது கூடுதல் செலவில்லை. பில்டருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு தவணையிலும் கழித்து, மொத்தம் 80,000-ஐ அவருடைய பான் எண்ணில் வருமான வரித் தளத்தில் கட்ட வேண்டும். பிடித்த மாதம் முடிந்து 30 நாள் அவகாசம். தவறினால் வட்டி உங்கள் தலையில்.

இஎம்ஐக்கு வருவோம். 60 லட்சம், 8 சதவீதம், 20 வருடம் என்றால் மாதம் 50,186. முதல் மாதம் அதில் 40,000 வட்டி, அசலில் குறைவது 10,186 மட்டும். 30 வருடமாக நீட்டினால் இஎம்ஐ சுமார் 44,026 ஆகக் குறையும். ஆனால் மொத்த வட்டி 60 லட்சத்துச் சொச்சத்திலிருந்து 98 லட்சத்தைத் தாண்டிவிடும். மாதம் ஆறாயிரம் மிச்சம் பிடிக்க 38 லட்சம்.

வங்கிகளின் மிதக்கும் வட்டி பெரும்பாலும் ரெப்போவோடு, அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டியோடு, கட்டப்பட்டிருக்கிறது. ரெப்போ மேல் வங்கி வைக்கும் லாப விகிதம் ஸ்பிரெட். ரெப்போ மாறினால் உங்கள் வட்டியை அதற்கேற்ப மாற்றுவதுதான் ரீசெட், குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது நடக்க வேண்டும். 2025 தொடக்கத்தில் 6.50 ஆக இருந்த ரெப்போ டிசம்பரில் 5.25-க்கு இறங்கியது, ஏறவும் செய்யும். ஏறும்போது வங்கி பெரும்பாலும் இஎம்ஐயைத் தொடாமல் காலத்தை நீட்டிவிடும். மேலே சொன்ன கடனில் வட்டி 8-லிருந்து 9 ஆகி இஎம்ஐ அதே 50,186 என்றால், 240 தவணை சுமார் 304 ஆகிவிடும். ஐந்து வருடத்துக்கும் மேல், சத்தமே இல்லாமல். இஎம்ஐயைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கேட்டுச் செய்ய வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அந்தக் குறுஞ்செய்தி வரும்போது படியுங்கள். மிதக்கும் வட்டியில் தனிநபர் வீட்டுக்கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது.

கேஎஃப்எஸ் என்ற முக்கிய விவர அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அதில் ஏபிஆர் என்று ஒரு விகிதம் இருக்கும். பிராசசிங் கட்டணம் எல்லாம் சேர்த்த நிஜ வட்டி அதுதான். கடனோடு தள்ளிவிடும் ஆயுள் காப்பீடு கட்டாயமில்லை. அதன் பிரீமியத்தைக் கடனிலேயே ஏற்றினால் அதற்கும் 20 வருடம் வட்டி கட்டுவீர்கள்.

---

ஜெயநகர்_நான்காவது_பிளாக்

பத்திரப்பார்வை சொன்னதோடு ஒன்று. ஈசி காலியாக இருப்பதால் அடமானமே இல்லை என்று முடிவு கட்ட முடியாது. பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து வாங்கும் கடன் எல்லாமே ஈசியில் வந்துவிடும் என்று சொல்ல முடியாது. அடமானங்களைப் பதிந்து வைக்கும் மத்தியப் பதிவகமான செர்சாய் தளத்தில் சிறு கட்டணம் கட்டித் தேடினால் வங்கிகள் பதிந்த அடமானம் தெரியும். பில்டர் அந்த நிலத்தின் மேலேயே புராஜெக்ட் லோன் வாங்கியிருப்பது சர்வசாதாரணம், அதில் தப்பில்லை. ஆனால் அந்த வங்கி உங்கள் ஃபிளாட் எண்ணைக் குறிப்பிட்டு என்ஓசி எனும் ஆட்சேபணையின்மைச் சான்று தர வேண்டும், உங்கள் பணமும் அந்த என்ஓசியில் சொன்ன கணக்குக்குத்தான் போக வேண்டும். வேறு கணக்குக்கு செக் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

"எங்க புராஜெக்டுக்கு நாலு பேங்க் அப்ரூவல்" என்பதையும் பெரிதாக எடுக்காதீர்கள். வங்கி வக்கீல் பார்ப்பது வங்கிப் பணத்துக்காக. உங்கள் 26 லட்சத்துக்காகப் பார்க்கத் தனி வக்கீல் வையுங்கள்.

---

ஓசூர்ரோடு_தம்பி

ரொம்ப நன்றிங்க. 15 லட்சத்தை நிறுத்திட்டோம். ப்ரீ-இஎம்ஐயும் எம்ஓடியும் மட்டும் விட்டுப்போச்சு.

---

வட்டிக்கணக்கு

ப்ரீ-இஎம்ஐ: கட்டிடம் வளர வளர வங்கி பகுதி பகுதியாகப் பணம் விடும்போது, விட்ட தொகைக்கு மட்டும் கட்டும் வட்டி. 60-ல் 40 லட்சம் விட்டிருந்தால் 8 சதவீதத்தில் மாதம் 26,667. அசலில் ஒரு ரூபாய் குறையாது, 20 வருடக் கணக்கும் தொடங்காது. சாவி தாமதமானால் வாடகையும் இதுவும் சேர்ந்து நசுக்கும். முடிந்தால் முதல் மாதத்திலிருந்தே முழு இஎம்ஐ கேளுங்கள், பல வங்கிகள் அனுமதிக்கும். உங்கள் கட்டிடம் முடியும் நிலையில் இருப்பதால் ஓசிக்குப் பிறகு ஒரே தவணையில் பணம் விடச் சொன்னால் இந்தச் சிக்கலே வராது.

எம்ஓடி: அசல் பத்திரங்களை வங்கியில் அடமானமாக ஒப்படைத்ததற்கான ஆவணம். இதற்குத் தனி முத்திரைக் கட்டணம் உண்டு, சாங்ஷன் லெட்டரில் இல்லாமல் போகலாம், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஒப்படைக்கும் ஒவ்வொரு காகிதத்தின் பட்டியலிலும் வங்கியின் முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். கடன் முடிந்ததும் 30 நாளுக்குள் அசல்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு, 2023 டிசம்பரிலிருந்து இது விதி. பத்திரம் கைக்கு வந்ததோடு விட்டுவிடாமல், எம்ஓடியைப் பதிவு செய்திருந்தால் அதன் விடுதலையையும் சார்பதிவாளரிடம் பதிந்து, செர்சாயில் நீக்கச் சொல்லி, புதிதாக ஒரு ஈசி எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு விற்கும்போது அடைத்த கடன் இன்னும் நிலுவையில் இருப்பதாகவே காட்டும்.