வீட்டுக்குள் வந்த அதிகாரிகள்மேல் எங்கே முறையிடுவது? (லண்டன்)

புதிதாக வந்தவன்:
வணக்கம், அவசரம். விடியற்காலையில் சீருடை போட்ட குடிவரவு (இமிக்ரேஷன்) அதிகாரிகள் வீட்டுக்குள் வந்து, கூட இருந்த நண்பரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். என் அறையையும் கிளறினார்கள். ஏன் என்று கேட்டதற்கு ஒருவர் என் கையை முறுக்கினார். இவர்களைக் கண்காணிக்கத் தனி அமைப்பு இருக்கிறதாமே? அதற்கு எழுதினால் நண்பரை விடுவார்களா?

ஹாரோ அண்ணன்:
தம்பி, முதலில் வாடகை ஒப்பந்தத்தில் உன் பெயர் இருக்கிறதா என்று பார். நான் வந்த புதிதில் ஒரே அறையில் நான்கு பேர், முகவரி ஆதாரம் கிடையாது, வங்கிக் கணக்கு திறக்கவே அலையோ அலை. அந்தக் குளிர்காலத்தை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. வரும் கடிதம் எதையும் தூக்கிப் போடாதே. புகார் மட்டும் வேண்டாம், விசா நீட்டிக்கும்போது இழுத்துவிடும்.

ஈஸ்ட்ஹாம் அக்கா:
அண்ணா, இப்படிப் பயமுறுத்தித்தான் நம் ஆட்கள் வாயே திறப்பதில்லை. புகார் கொடுத்ததற்காக விசாவை மறுக்க முடியாது. தம்பி, எல்லை மற்றும் குடிவரவுக்கான சீஃப் இன்ஸ்பெக்டர் என்று ஒருவர் இருக்கிறார், அவருக்கு எழுதுங்கள்.

குரோய்டன்காரன்:
அவர் தனிநபர் புகாரை எடுக்க மாட்டார் அக்கா. துறை எப்படி நடக்கிறது என்று ஆய்வு செய்வதுதான் அவர் வேலை. அந்த ஆய்வறிக்கையை வெளியிடுவதும் அவர் கையில் இல்லை, உள்துறை அமைச்சர்தான் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். அந்தப் பதவியில் இருந்த டேவிட் நீலை 2024 பிப்ரவரியில் நீக்கினார்கள். அதுவரை தேங்கிக் கிடந்த 13 அறிக்கைகள் அந்த மாதக் கடைசியில் ஒரே நாளில் வெளிவந்தன. கண்காணிக்கப்படுகிறவர்களே கதவைத் திறந்து மூடினால் அது என்ன சுதந்திரம்?

ஹாரோ அண்ணன்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். விசாக் கட்டணம் தனி, வருஷத்துக்கு 1,035 பவுண்ட் சுகாதாரக் கட்டணம் தனி. வாங்கும்போது மட்டும் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது.

குரோய்டன்காரன்:
கேட்விக் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் புரூக் ஹவுஸ் தடுப்பு மையத்தை மறந்துவிட்டோமா? அங்கே நடந்த கொடுமையை 2017இல் பிபிசி ரகசியக் கேமராவில் எடுத்துக் காட்டிய பிறகுதான் விசாரணையே வந்தது. ஐந்தே மாதத்தில் 19 சம்பவங்கள் மனித உரிமை மீறலாக இருக்கக்கூடும் என்று 2023 அறிக்கை சொன்னது. டிடென்ஷனுக்கு, அதாவது இப்படித் தடுத்து வைப்பதற்கு, கால வரம்பு வை என்றது. இன்னும் வைக்கவில்லை.

சட்ட உதவித் தன்னார்வலர்:
எல்லாம் உண்மைதான், ஆனால் தம்பி கேட்டதற்கு வருவோம்.

புகாரால் நண்பர் வெளியே வர மாட்டார், அதற்குப் பெயில் மனு. தடுப்பு மையத்தில் 30 நிமிடம் இலவசமாக வக்கீலுடன் பேசலாம், அதற்கான பட்டியலில் உடனே நண்பரைப் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். வெளியே யாராவது பணம் கேட்டால், இமிக்ரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டியில் (குடிவரவு ஆலோசகர்களைக் கண்காணிக்கும் அமைப்பு) பதிவு செய்தவரா, சொலிசிட்டரா (வக்கீல்) என்று முதலில் பாருங்கள். அப்புறம் உங்கள் கை. இன்றே டாக்டரிடம் காட்டிப் பதிவு செய்யுங்கள், படமும் எடுங்கள். அதிகாரியின் எண், நேரம், அவர் பேசியது, நினைவிருப்பதை இன்றே எழுதிவையுங்கள்.

புகாரை முதலில் ஹோம் ஆபீஸுக்கே (உள்துறை), மூன்று மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். பதில் திருப்தியில்லை என்றால் இன்டிபென்டன்ட் எக்ஸாமினர் ஆஃப் கம்ப்ளைன்ட்ஸ், அதாவது அந்தப் பதிலை மறுபடி பார்க்கும் சுதந்திர ஆய்வாளர். அதன் பிறகு உங்கள் எம்.பி. வழியாக நாடாளுமன்ற ஒம்புட்ஸ்மன் (குறைகேட்பு அதிகாரி). பலத்த காயம் என்றால் ஐஓபிசி (போலீஸ் மீதான புகார்களைப் பார்க்கும் சுதந்திர அமைப்பு) வரை போகும். நண்பரை மையத்துக்குள் யாராவது மோசமாக நடத்தினால் வழி வேறு: அங்கேயே எழுத்தில் புகார், பிறகு சிறைகளுக்கான ஒம்புட்ஸ்மன். அங்கே தன்னார்வ மானிட்டரிங் போர்டும் (மையத்தைக் கண்காணிக்கும் குழு) இருக்கும், அவர்களை நேரில் பார்த்துப் பேசலாம்.

வாரண்ட் காட்டினார்களா, அல்லது நீங்கள் யாராவது உள்ளே வரச் சம்மதித்தீர்களா? என்றைக்கு நடந்தது? உங்கள் விசா என்ன?

புதிதாக வந்தவன்:
செவ்வாய்க்கிழமை. ஒரு தாள் காட்டினார்கள், படிக்க விடவில்லை. நண்பர் கேட்விக் பக்கம் இருப்பதாக இப்போதுதான் போன் செய்தார்.

சட்ட உதவித் தன்னார்வலர்:
நல்லது. அவர் போன் செய்த எண்ணைக் குறித்துவைத்து, வக்கீல் பட்டியலில் இன்றே பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். தாளின் நகலைப் புகாரிலேயே கேளுங்கள். உங்கள் விசாவைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. இங்கே போட வேண்டாம், தனிச்செய்தியில் அனுப்புங்கள்.