தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் ஊர் வளந்தது கோச்சியாலயா (ரயில்) குளத்தாலயா?

நிலா_திருமலை:
எல்லாருக்கும் வணக்கம். எங்கட அம்மப்பா ரயில் பாதையில வேலை செய்தவர், அதால சின்னனில இருந்தே வீட்டில கோச்சிக் கதைதான். இப்ப அண்ணாவுக்கும் எனக்கும் ஒரே வாக்குவாதம். 1927 இல ரயில் பாதை போட்ட பிறகுதான் எங்கட திருகோணமலைப் பக்கத்துக் கந்தளாய், முள்ளிப்பொத்தானை, தம்பலகாமம் எல்லாம் ஊரா வந்தது, அதுக்கு முன்ன காடுதான் எண்டு அண்ணா சொல்லுறார். அம்மா அதை ஒத்துக்கொள்ளுறாவே இல்ல. பழைய ஆக்கள் ஆராவது விபரமா சொல்லுங்கோ, மகளுக்கு எழுதி வைக்கோணும்.

வயல்காரன்:
தங்கச்சி, அம்மா சொல்லுறதுதான் சரி. தம்பலகாமம் கோச்சி வந்து உண்டான ஊர் இல்ல. போர்த்துக்கேயர் 1620களில திருகோணமலைக் கோணேசர் கோயிலை இடிச்ச பிறகு சாமியை வச்சுக் கும்பிட இடம் கொடுத்தது இந்த ஊர், அதுதான் ஆதிகோணநாயகர் கோயில். அண்டைக்கே இஞ்ச வயலும் சனமும் இருந்திருக்கு, கோயிலுக்கு நெல்லு அளந்த ஊர் இது. எல்லாத்துக்கும் மூலம் கந்தளாய்க் குளம். குளக்கோட்டன் எண்ட ராசா கட்டினதெண்டு எங்கட ஆக்கள் சொல்லுவினம், சிங்கள ராசா எண்டு சிங்கள ஆக்கள் சொல்லுவினம், ஆர் கட்டினாலும் அந்தத் தண்ணி இல்லாட்டி இஞ்ச ஒரு பிடி நெல்லு இல்ல. வெள்ளைக்காரன் காலத்தில, 1870களில, தூர்ந்து கிடந்த குளத்தைத் திருத்தினவை. அதுவும் கோச்சிக்கு அரை நூற்றாண்டு முந்தி.

என்ட அப்பா காலத்தில எருமை விட்டுத்தான் சூடு மிதிப்பினம், அதாவது வெட்டின கதிரில இருந்து நெல்லைப் பிரிப்பினம். ராவு முழுக்க மிதிச்சு, விடிய காத்துப் பாத்துத் தூத்தி, களத்தில "பொலி பொலி" எண்டு சொல்லிச் சொல்லித்தான் நெல்லை அள்ளுவினம், குறையுது முடியுது எண்ட சொல்லே அந்த இடத்தில வாயில வரப்படாது. புசல் கணக்கில சாக்கில கட்டி, கோணி ஊசியால வாயைத் தைச்சு, மாட்டு வண்டியில ஏத்தி ஸ்டேஷனுக்குக் கொண்டு போறது. தைக்கிறதுக்குச் சின்னப் பெடியள் எங்களைத்தான் கூப்பிடுவினம், சணலில கை எல்லாம் அறுபட்டிருக்கும். கோச்சி செய்தது அதுதான், நெல்லை வெளியால கொண்டு போனது.

கந்தளாய்_ரயில்வீட்டுப்_பெடியன்:
ஐயா சொன்னது தம்பலகாமத்துக்குச் சரி, ஆனா கந்தளாய்க்கு நான் கொஞ்சம் மாத்திச் சொல்லுவன். பாதை வந்தது முக்கியமா திருகோணமலைத் துறைமுகத்துக்காக. மாகோவில பிரிஞ்சு வாற மட்டக்களப்புப் பாதையில கல்லோயாச் சந்தி இருக்கு, அதில இருந்து திருகோணமலைக்கு சுமார் 70 கிலோமீற்றர். அக்போபுர, கந்தளாய், முள்ளிப்பொத்தானை, தம்பலகாமம், சீனன்குடா, பிறகு திருகோணமலை. இடையில இருக்கிற ஊருகளுக்கு அது பக்கத்தால கிடைச்ச நன்மை.

ஆனா பிறகு 1950களில கந்தளாயில குடியேற்றத் திட்டம் வந்து காணி குடுத்து ஆக்களைக் கொண்டு வந்தவை, 1960இல செக்கோஸ்லோவாக்கியாவின்ட உதவியோட சீனித் தொழிற்சாலை, சுத்தி எல்லாம் கரும்பு. அப்பதான் கந்தளாய் டவுன் ஆனது, அதுக்கு ஸ்டேஷனும் ஒரு காரணம் எண்டுதான் நான் நினைக்கிறன். 1993இல சீனித் தொழிற்சாலை மூடப்பட்டது, அதோட எத்தனை வீட்டில அடுப்பு அணைஞ்சது எண்டு கண்ணால பாத்தனான், இண்டைக்கும் அந்தப் பக்கத்தால போனா மனசு கேக்காது.

அப்பா ஸ்டேஷனில வேலை. ஒத்தைப் பாதைதானே, எதிருக்கு எதிர் கோச்சி வந்திடக் கூடாதெண்டு டேப்ளட் எண்டு ஒரு அனுமதித் தட்டு இருக்கும், அது கையில கிடைக்காமல் ட்ரைவர் அடுத்த ஸ்டேஷனுக்குப் போகேலாது. பெரிய வளையம், அதில ஒரு தோல் பை தொங்கும், அதுக்குள்ளதான் டேப்ளட். அப்பா பிளாட்போம் ஓரத்தில வளையத்தை உயத்திப் பிடிச்சு நிப்பார், எஞ்சின் ஓடிக்கொண்டு வரேக்கையே கையை நீட்டி அதை மாட்டிக்கொண்டு போவினம். அந்தக் கை இழுபடுற சத்தம் எனக்கு இப்பவும் காதில கிடக்கு.

வயல்காரன்:
தம்பி, குளம் உடைஞ்சதையும் சொல்லோணும். 1986 ஏப்ரல் 20, விடியாத சாமம். நூறு பேருக்கு மேல செத்துப் போயிட்டினம், வீடு, வயல், மாடு எல்லாம் வெள்ளம் அள்ளிக்கொண்டு போனது. சோறு போட்ட குளமே அப்படிச் செய்தா ஆரிட்டப் போய்ச் சொல்லுறது. பிறகு 1990 இல சண்டையால சனம் இடம்பெயர்ந்து, திரும்பி வந்து பாக்க வயல் எல்லாம் பத்தைக் காடு. வரம்பு எது வாய்க்கால் எது எண்டு தெரியாமல் காலால தடவித் தடவித்தான் எல்லை பிடிச்சனாங்கள்.

சீனன்குடா_வாசி:
சீனன்குடாவையும் விட்டிடாதேங்கோ. இஞ்ச வயல் குறைவு, விமானத் தளமும் எண்ணெய்த் தாங்கிகளும்தான், 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் குண்டு போட்டதும் அதுக்காகத்தான். 1980 அளவில பிறிமா மா ஆலை வந்த பிறகு மா மூட்டை வேகன் வேகனா இந்தப் பாதையாலதான் போனது. நெல்லு ஏத்தின அதே பாதையால கோதுமை மா போறதைப் பாக்க என்ட அம்மம்மாவுக்குப் பிடிக்காது, "எங்கட அரிசிக்கு என்ன குறை" எண்டு கேப்பா.

நிலா_திருமலை:
வாசிச்சு அழுகை வந்திட்டுது, எல்லாருக்கும் நன்றி. அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். வளையம் எண்ட உடன அவ எழும்பி வந்து, அம்மப்பாவும் அதை வீட்டில கதைப்பார் எண்டா. அண்ணா ஒண்டும் பேசேல்ல, ஆனா பள்ளிக்கூட லீவில எல்லாரையும் தம்பலகாமத்துக்குக் கோச்சியிலயே கூட்டிக்கொண்டு போறன் எண்டிட்டார். வயல்காரன் ஐயா, அறுவடை எப்ப தொடங்கும்?

வயல்காரன்:
பெரும்போகம், மழைக்கால வெள்ளாமை எண்டா மாசி, பங்குனி மகள். வாங்கோ, கோயிலையும் கும்பிட்டு வயலையும் பாத்திட்டுப் போகலாம். இப்ப வெட்டுறது மெசின்தான், ஆனா பிள்ளைக்கு ஒரு சாக்குத் தைக்கக் காட்டிக் குடுக்கிறன்.